முதலில் 7-வுட், அப்புறம்தான் டிரைவர்

கோல்ஃப் கடைக்குள் நுழைகிற எவர் கையும் முதலில், ஒரு குழியின் முதல் அடியை நீண்ட தூரம் அடிக்கும் டிரைவர் என்ற மட்டையைத்தான் தேடுகிறது. விளம்பரம் அதற்கு, கண்ணாடி அலமாரி அதற்கு, அதிக விலையும் அதற்கே. இந்த மழைக்காலத்துக்கு முன் பெங்களூரில் முறையாக கிளப் ஃபிட்டிங் (நம் வீச்சை அளந்து அதற்குப் பொருந்தும் மட்டையை, அதாவது கிளப்பைத் தேர்வது) செய்துகொண்டு, ஒரு டிரைவரும், தரையில் கிடக்கும் பந்தைத் தூரமாக அடிக்கும் ஃபேர்வே வுட் இரண்டும் (அவற்றில் ஒன்று 7-வுட்) வாங்கினேன். மழையிலும் வெயிலிலும் அவற்றோடு ஆடிப் பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன். மிதமான வேகத்தில் கிளப்பை வீசுகிறவர்கள் தரையிலிருந்து அடிக்கும் வுட்டை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும், டிரைவர் அதற்குப் பிறகுதான் என்பது என் தீர்மானமான கருத்து. நான் கேட்ட ஆலோசனைகளில் பெரும்பாலானவை இதைத் தலைகீழாகச் சொல்லின.

நான் கோயம்புத்தூர்க்காரி. பெங்களூர் ஜீவன் பீமா நகரில் குடியிருந்து, பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வார நாட்களில் காலையில் ஆடுகிறேன். டிரைவரை மணிக்கு சுமார் 76 மைல் வேகத்தில் வீசுகிறேன் என்று கருவி சொல்கிறது. பெண்கள் தொழில்முறைத் தொடரான எல்.பி.ஜி.ஏ.வின் வீராங்கனைகளின் சராசரி 94 மைல் அளவில் இருக்கிறது, ஆண்கள் தொழில்முறைத் தொடரான பி.ஜி.ஏ. டூரில் ஆடுகிறவர்கள் 113 மைலைத் தாண்டுகிறார்கள். பத்திரிகைகளில் வரும் கிளப் பரிந்துரைகள் பெரும்பாலும் அந்த வேகத்துக்கு எழுதப்பட்டவை. என் வேகத்திலும் இன்னும் சற்றுக் கூடுதலான வேகத்திலும் ஆடும் பெண்கள், வயதானவர்கள், நாற்பது வயதுக்கு மேல் ஆட்டத்துக்கு வந்தவர்கள் இந்த நகரத்தில் ஏராளம். அவர்களை நினைத்துத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பெண் என்றவுடனே கடைக்காரர் இளஞ்சிவப்புப் பட்டை போட்ட ஒரு செட்டை எடுத்து வைக்கும் பழக்கத்தை முதலில் கண்டிக்க வேண்டும். நகரில் ஒரு கடையில் என் உயரத்தைக்கூடக் கேட்கவில்லை, வேகத்தையும் அளக்கவில்லை. "லேடீஸ் செட் இதுதான் மேடம்" என்று முடித்துவிட்டார்கள். கிளப்பின் தண்டான ஷாஃப்டின் மேல், அது எவ்வளவு வளையும் என்று காட்ட எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று (இந்த வரிசையில் விறைப்பு கூடும்) போட்டிருக்கும் எழுத்துகளுக்குத் தொழில் முழுவதற்கும் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஆர் இன்னொரு நிறுவனத்தின் ஏ அளவுக்கு வளையலாம். ஆகவே எழுத்தை நம்பி வாங்குவதில் பொருளே இல்லை. ஆண்களுக்கும் இதே அநியாயம் வேறு வடிவில் நடக்கிறது. 65 வயதுக்காரர் கையில் எஸ் ஷாஃப்டைத் திணித்து, அவர் தன்மானத்தையே விற்பனைக்குப் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

நான் பிறகு போன ஃபிட்டிங் கூடம் இந்திராநகர்ப் பக்கம், மாடியில் இருக்கிறது. அங்கே என்னை அளந்த இளைஞர் கோலார் தங்கவயல் தமிழர். வாசலிலேயே அவர் கேட்டது, "அம்மா, இப்போது பையில் இருக்கும் கிளப்புகளைக் கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்பதுதான். நல்ல ஃபிட்டரின் முதல் அடையாளம் இந்தக் கேள்வி. பழைய கிளப்பின் எண்கள் இல்லாமல் புதிய கிளப்பின் எண்களுக்கு அர்த்தம் கிடையாது. இரண்டாவதாக, எந்தப் பந்தில் ஆடுகிறேன் என்று கேட்டு, அதே வகைப் பந்தை எடுத்துவைத்தார். பயிற்சி மைதானத்தின் தேய்ந்த பந்துகளில் அளந்தால் தூரமும் சுழற்சியும் தப்பாகத்தான் வரும்.

மூன்றாவது விஷயத்தை நானே கேட்டேன், நீங்களும் கேளுங்கள். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்று அடர்த்தி குறைவு, அதனால் பந்து சற்றுக் கூடுதலாகப் பறக்கும். என் டிரைவர் தூரத்துக்கு அது சுமார் 5 யார்டு. அளக்கும் கருவி உயரக் கணக்கைச் சேர்த்துக் காட்டுகிறதா, கடல்மட்டத்துக்கு மாற்றிக் காட்டுகிறதா என்று தெரியாமல் ஒரு கிளப்பின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடக்கூடாது. சென்னை கிண்டியில் ஆடிவிட்டு, "இந்த கிளப் அங்கே சரியாகப் போகவில்லை" என்று புலம்புகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. என்னை அளந்த அந்தத் தம்பி உடனே திரையைத் திருப்பி அமைப்பைக் காட்டினார். எரிச்சல் இல்லாமல் காட்டியது எனக்குப் பிடித்தது.

அதன் பிறகு அவர் செய்தது மிக எளிய ஒரு காரியம். கால் பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை எடுத்து டிரைவரின் முகத்தில், அதாவது பந்தில் படும் பரப்பில், மெல்லிய வெள்ளைப் பூச்சாக அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் பந்து பட்ட இடத்தில் பவுடர் விலகி ஒரு வட்டம் தெரிந்தது. அதற்குள் பந்தின் குழிகள்கூடப் பதிந்திருந்தன. என் பழைய டிரைவர் 45.5 அங்குல நீளம், லாஃப்ட் (முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) 9 டிகிரி. அதில் வட்டங்கள் எல்லாம் ஷாஃப்ட் இருக்கும் ஹீல் பக்கமாகவும் முகத்தின் கீழ்ப்பாதியிலுமாகக் கூட்டம் போட்டன. நடுவில் ஒன்றுகூட விழவில்லை. ஹீலில் பட்டால் தலை ஒரு திசையில் திரும்ப, பந்து எதிர்த்திசையில் சுழன்று ஸ்லைஸ் ஆகும், அதாவது வலக்கைக்காரருக்கு வலப்பக்கம் வளைந்து ஓடும். முகத்தின் கீழே பட்டால் பந்து தாழ்வாகக் கிளம்பும், பின்சுழற்சியும் கூடிவிடும். இரண்டும் சேர்ந்தால் தூரம் எப்படி வரும்? அது பறந்து கடந்த தூரம் சுமார் 138 யார்டு என்று திரை சொன்னது. காரணத்தைச் சொன்னது பவுடர்தான்.

ஆனால் தம்பி டிரைவரை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு, "முதலில் தரையிலிருந்து அடிப்பதைப் பார்த்துவிடலாம் அம்மா" என்றார். எனக்கு அங்கேயே அந்த இடத்தின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். பார் என்பது ஒரு குழியை முடிக்கத் தேர்ந்த ஆட்டக்காரருக்கு வகுத்திருக்கும் அடிகளின் எண்ணிக்கை. பதினெட்டுக் குழிகளும் சேர்ந்து பார் 72 ஆகும் மைதானத்தில் பெரும்பாலும் நான்கு பார்-3 குழிகள்; அவை குட்டையானவை, டிரைவர் வேண்டாம். ஆக, ஒரு சுற்றில் டிரைவர் எடுக்க அதிகபட்சம் 14 வாய்ப்பு. குறுகலான குழிகளை விட்டால் இன்னும் குறைவு. என்னைப் போல டிரைவரில் 150, 160 யார்டு போகிறவர்களுக்கு ஏறக்குறைய எல்லா பார்-4, பார்-5 குழிகளிலும் இரண்டாம் அடி ஃபேர்வே வுட்தான். பார்-5 என்றால் மூன்றாவது அடியும் அதுவே. நீளமான பார்-3 குழியில், முதல் அடி அடிக்கும் இடமான டீயிலிருந்தும் அதைத்தான் எடுக்கிறோம். சுற்றில் மிக அதிகம் உழைக்கிற கிளப்பை, டிரைவர் வாங்கியதில் மிஞ்சிய பணத்துக்கு வாங்குகிறார்கள். செட்டோடு வரும் 3-வுட்டையே வைத்துக்கொண்டு, அது தரையைவிட்டு எழவில்லை என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள்.

3-வுட்டின் லாஃப்ட் வழக்கமாக 15 டிகிரி, 5-வுட் 18 அல்லது 19, 7-வுட் 21, 9-வுட் 24. எண் கூடக் கூட ஷாஃப்டும் குட்டையாகிறது. லாஃப்ட் குறைந்தால் தூரம் கூடும் என்ற பாடம் போதிய வேகம் இருப்பவர்களுக்கு மட்டும் உண்மை. பந்து காற்றில் நிற்பதற்கு ஏறுகோணமும் பின்சுழற்சியும் வேண்டும். வேகம் குறைவாக இருக்கும்போது 15 டிகிரி முகம் அந்த இரண்டையும் போதுமான அளவு தருவதில்லை. அன்று என் 3-வுட் பறந்த தூரம் 118 யார்டுக்கும் 138 யார்டுக்கும் இடையே அலைந்தது. 7-வுட்டோ 126-க்கும் 133-க்கும் இடையே நின்றது. மிகச் சிறந்த அடியில் 3-வுட் 5 யார்டு ஜெயிக்கிறது. மற்ற எல்லா அடியிலும் தோற்கிறது. எனக்கு இதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

திசையிலும் 7-வுட்டுக்கே வெற்றி. கிளப்பின் முகம் அது போகும் பாதைக்குச் சற்றுத் திறந்திருந்தால் பந்தின் சுழற்சி அச்சு சாய்கிறது. அதுதான் ஸ்லைஸ். லாஃப்ட் கூடுதலான முகத்தில் பின்சுழற்சி வலுவாக இருப்பதால், அதே அளவு திறப்புக்கு அச்சு குறைவாகவே சாயும். பந்தும் உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்குவதால், குழியைச் சுற்றிய குட்டைப் புல்லான கிரீனில் நின்றுவிடுகிறது. கிளப் பையைச் சுமந்து எனக்கு வழக்கமாக வரும் கேடி (caddie) அண்ணன் முருகேஷ்பாளையத்துத் தமிழர், இந்த ஊர் மைதானங்களைப் பல வருடமாகப் பார்ப்பவர். புதிய 7-வுட்டில் முதல் சுற்று ஆடியபோது அவர் சொன்னார்: "மேடம், இது உருண்டு ஓடாது. கொடிக்குப் பின்னால் பள்ளம் இருந்தாலும் தைரியமாகக் கொடியையே பார்த்து அடியுங்கள்." அன்று முதல் எனக்கு அடி தேர்ந்தெடுப்பதே மாறிவிட்டது. முன்பு கிரீனுக்கு முன்னால் போட்டு உருட்டிவிடுவேன். மழையில் ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவிலுள்ள வெட்டிய புல்வெளி) ஊறிக்கிடக்கும் மாதங்களில் அந்த உருட்டல் நடப்பதே இல்லை; பறக்கிற தூரம் மட்டும்தான் உங்கள் தூரம்.

நான் வாங்கியது பிங் நிறுவனத்தின் ஜி430 மேக்ஸ் வரிசையில் 21 டிகிரி 7-வுட்டும் 18 டிகிரி 5-வுட்டும். 3-வுட் பையைவிட்டுப் போய்விட்டது. விதிப்படி பையில் 14 கிளப்தான். காலியான அந்த இடத்தில், குறைந்த தூரத்துக்கான வெட்ஜ் இன்னொன்று வைத்துக்கொண்டேன். 7-வுட்டின் அடிப்பாகம், ஃபேர்வேக்கு வெளியே வளர்ந்திருக்கும் ரஃப் புல்லில் சிக்காமல் நழுவிப்போவது எனக்கு மிகவும் பிடித்த குணம். சற்று நீண்ட புல்லில் பந்து பாதி மூழ்கியிருந்தாலும் எடுக்க முடிகிறது. வுட்டும் மெல்லிய உலோகத் தலை கொண்ட அயர்னும் கலந்த ஹைபிரிட்டை நன்றாக அடிப்பவர்கள் அதிலேயே இருக்கலாம், சண்டை இல்லை. ஆனால் ஒரே லாஃப்டில் வுட் இன்னும் உயரப் பறக்கும். உயரம் போதவில்லை என்று வருந்துகிறவர்களுக்கு வுட்தான் மருந்து. பலத்த எதிர்க்காற்றில் மட்டும் 7-வுட்டின் உயரம் தொல்லையாகிறது. அப்போது 5-வுட்டைக் கீழே பிடித்து மெதுவாக அடிக்கிறேன்.

இனி டிரைவர். இதில் விளம்பரங்கள் சொல்லாத ஒரு செய்தி உண்டு. தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு 2004 முதல் இருக்கிறது. முகம் எவ்வளவு ஸ்பிரிங் போல் செயல்படலாம் என்பதற்கும், கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமைப்புகளான யு.எஸ்.ஜி.ஏ.வும் ஆர் அண்டு ஏ-யும் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. நல்ல நிறுவனங்கள் எல்லாம் அந்த வரம்பை என்றோ தொட்டுவிட்டன. ஆகவே முகத்தின் நடுவில் பட்ட அடிக்கு இந்த வருட மாடல் போன வருட மாடலைவிட 10 யார்டு கூடுதலாகத் தரும் என்பதை நம்பவேண்டாம். பெர்சிமன் மரத்தில் செதுக்கிய தலைகளிலிருந்து 1979-இல் டெய்லர்மேட் உலோகத் தலைக்குப் போனதும், 1990-களில் டைட்டேனியம் வந்ததும் பெரிய தாவல்கள். அந்த அளவு தாவல் இப்போது இல்லை. இப்போதைய முன்னேற்றம் எல்லாம் நடுவில் படாத அடிகளுக்குத்தான். நம் அடிகள் பெரும்பாலும் அந்த வகை என்பதால் அது நமக்கு நல்ல செய்தி.

நடுவில் படாதபோது தலை முறுக்கிக்கொள்வதைத் தடுப்பது நிலைமத் திருப்புத்திறன். கழைக்கூத்தாடி கையில் நீண்ட கழியைக் குறுக்காகப் பிடித்திருப்பது போல, எடையை மையத்திலிருந்து தூரத்தில் வைத்தால் அது எளிதில் திரும்பாது. இந்தக் கருத்தை கோல்ஃபில் வேரூன்றச் செய்தவர்களில் முக்கியமானவர், ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்து 1959-இல் பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம். கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் கிளப்பான பட்டரின் இரு முனைகளுக்கு எடையை நகர்த்தியவர் அவர். இன்று டிரைவரில் எடையைப் பின்பக்கம் வெகுதூரம் கொண்டுபோகிறார்கள். ஹீலிலிருந்து முனை வரையான திசையில் இதற்கும் விதி 5900 கிராம்-சதுர சென்டிமீட்டர் என்ற வரம்பு வைத்திருக்கிறது. 2024-இல் வந்த பிங் ஜி430 மேக்ஸ் 10கே என்ற பெயரிலுள்ள பத்தாயிரம், அந்தத் திசையையும் மேல்-கீழ்த் திசையையும் கூட்டி வருகிற எண். கடையில் யாராவது "விதி வரம்பையே மிஞ்சியது" என்று சொன்னால் நம்பவேண்டாம். ஆடுகளத்தில் முழுக்கச் செல்லுபடியாகும் கிளப் அது.

நான் எடுத்தது அந்த 10கே-யில் 12 டிகிரி தலை. அதன் கழுத்தில் இருக்கும் திருகை மாற்றி லாஃப்டை இன்னும் 1 டிகிரி ஏற்றி, 13-இல் வைத்திருக்கிறோம். லாஃப்டை ஏற்றும்போது முகம் சற்று மூடிக்கொள்ளும். ஸ்லைஸ் அடிப்பவர்களுக்கு அதுவும் அனுகூலம். இந்த மாடலில் பின்பக்க எடை நிலையானது. இடம் மாற்றும் எடை வேண்டுமென்றால் சாதாரண ஜி430 மேக்ஸ் பக்கம் போகவேண்டும். எனக்கு நகர்த்தும் எடை வேண்டியிருக்கவில்லை. ஆனால் பந்து எப்போதும் ஒரே பக்கம் ஓடுகிறவர்கள் இரண்டையும் அடுத்தடுத்து அடித்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

ஷாஃப்ட் 50 கிராமுக்குக் குறைவானது. நீளத்தை 44 அங்குலமாகக் குறைத்தோம். இதற்காகத்தான் ஃபிட்டிங் கட்டணம் முழுவதையும் கொடுக்கலாம் என்பேன். கடையில் வரிசையாக நிற்கும் ஆண்கள் டிரைவர்கள் 45.5 அங்குலத்துக்கு மேல். கூடுதல் நீளம் கூடுதல் வேகம் என்ற கணக்கு. கணக்கு சரி, ஆனால் பந்து நடுவில் பட்டால்தான். நீளம் குறைந்ததும் பவுடர் வட்டங்கள் ஹீலிலிருந்து நடுவை நோக்கி நகர்ந்து வந்ததைக் கண்ணால் பார்த்தேன். கிளம்பும் கோணம் 8 டிகிரியிலிருந்து 14 ஆனது. பறக்கும் தூரம் 156 யார்டு. ஷாஃப்டை வெட்டினால் தலை கையில் லேசாகத் தோன்றும். தலை எவ்வளவு கனமாகத் தோன்றுகிறது என்பதன் அளவான ஸ்விங் வெயிட், அரை அங்குலத்துக்கு சுமார் 3 புள்ளி இறங்கும். அதை ஈடுகட்டத் தலையில் எடை சேர்க்க வேண்டும். வெட்டித் தருகிறேன் என்று மட்டும் சொல்லி, எடையைப் பற்றிப் பேசாதவரிடம் கிளப்பைக் கொடுக்காதீர்கள்.

தூரம் இல்லாமல் என்ன ஆட்டம் என்று கேட்பவர்களுக்கு இந்த ஊர்ப் பெண் ஒருத்தியையே காட்டுவேன். அதிதி அசோக் இங்கே, கர்நாடக கோல்ஃப் சங்க மைதானத்தில் பழகி வளர்ந்தவர். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடியவர்களிலேயே மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் ஒருவர். நான்காவதாக வந்தார், பதக்கம் ஒரே அடியில் தவறியது. மற்றவர்கள் குட்டை அயர்ன் எடுக்கும் தூரத்தில் அவர் வுட்டும் ஹைபிரிட்டும் எடுத்துக் கிரீனில் நிறுத்தினார். அந்த நான்கு நாளும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு, நீண்ட கிளப்பில் துல்லியம் என்றால் என்ன என்பது அப்போதுதான் விளங்கியது.

அந்தக் கூடத்தில் குறை இல்லாமல் இல்லை. பாயின் மேல் வைத்து அடிப்பதால், பந்துக்குப் பின்னால் தரையில் இடித்தாலும் கிளப் வழுக்கிப் போய்ப் பந்தை எடுத்துவிடுகிறது. உண்மைப் புல்லில் அதே அடி மண்ணில் புதைந்து நின்றுவிடும். ஃபேர்வே வுட்டை முடிவு செய்யும் முன் மாதிரி கிளப்பைப் புல் மைதானத்துக்கு எடுத்துப்போக அனுமதி கேளுங்கள். எனக்கு ஒரு காலைக்கு 5-வுட்டும் 7-வுட்டும் கொடுத்தார்கள். டிரைவருக்குப் பிரச்சினை இல்லை, அது டீ என்றே பெயருள்ள சின்னக் குச்சியின் மேல் இருக்கிற பந்து. இன்னொரு குறை, லேசான ஷாஃப்டுகள் கைவசம் குறைவாக இருந்தன. எனக்கு வேண்டியதை வரவழைக்க வாரக்கணக்கில் ஆனது.

விலையைப் பற்றி: நான் வாங்கியபோது புதிய டிரைவர் ஒன்று இங்கே 50,000 ரூபாயைச் சுற்றி நின்றது. அது எல்லோர் கைக்கும் எட்டும் தொகை இல்லை. ஃபிட்டிங் கட்டணத்தை, கிளப் வாங்கினால் விலையில் கழித்துக்கொண்டார்கள். இரண்டையும் ஒன்றாக வாங்கப் பணம் போதாது என்றால் 7-வுட்டை மட்டும் புதிதாக வாங்குங்கள். டிரைவர் பழையதாக இருக்கட்டும். நான்கைந்து வருடம் பழகிய நல்ல மாடல், லாஃப்ட் 12-க்குக் குறையாமல், யாராவது புதுசு வாங்கும்போது விற்பார்கள். வாங்கும் முன் முகத்தில் முடிபோல மெல்லிய விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், தலையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள், கழுத்துத் திருகைச் சுழற்றும் சாவியையும் கேட்டு வாங்குங்கள்.

ஃபிட்டிங் போக வசதிப்படாதவர்களுக்கு வகுப்பறையிலிருந்து ஒரு வழி: வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தின் ஒரு பக்கத்தில் பெரிய புள்ளி வைத்து, அந்தப் பக்கம் கிளப்பைப் பார்த்திருக்கும்படி டீயில் வையுங்கள். அடித்த பிறகு முகத்தில் மை ஒட்டியிருக்கும் இடம்தான் பட்ட இடம். துணியால் துடைத்தால் போய்விடும். ஹீல் பக்கமே பட்டுக்கொண்டிருந்தால் கைப்பிடியில் ஓர் அங்குலம் இறக்கிப் பிடித்து அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். மை நடுவுக்கு நகர்ந்தால் உங்களுக்கு வேண்டியது புது டிரைவர் இல்லை, குட்டையான டிரைவர்.

ஃபிட்டிங் முடிந்ததும் தலையின் லாஃப்ட், கழுத்துத் திருகின் நிலை, ஷாஃப்டின் பெயர், எடை, நீளம், ஸ்விங் வெயிட், பிடியின் பருமன் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிளப் கைக்கு வந்த அன்றே அந்தத் தாளோடு ஒப்பிட்டு, அளவு நாடாவால் நீளத்தையும் அங்கேயே சரிபார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.